செலவில்லாப் பொழுதுபோக்கு



தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஆண்டுதோறும் எழுதும் கட்டுரைகளுள் ‘என் பொழுதுபோக்கு’ என்பதும் ஒன்று. அந்தக் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர்களாகிய எங்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். பதினைந்து பேர் எழுதினால் பத்துப் பேர் அஞ்சல்தலை சேகரிப்பதாக எழுதியிருப்பார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பேர் அஞ்சல்தலையைக் கையால் தொட்டிருக்கமாட்டார்கள். மாதிரிக் கட்டுரையில் அப்படி இருந்தது, அதனால் அப்படியே எழுதினார்கள். ‘உண்மையில் உன் பொழுதுபோக்கு என்ன?’ என்று கேட்டால் தலைகுனிந்து நிற்பார்கள். சற்று வற்புறுத்திக் கேட்டால், ‘அதற்கெல்லாம் எங்கள் வீட்டில் காசு இல்லை’ என்று பதில் வரும்.

இந்தப் பதிலை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பொழுதுபோக்கு என்பது வசதி உள்ளவர் வீட்டுப் பொருள் என்று பத்து வயதிலேயே ஒரு பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவு அதன் மனத்தில் வேரூன்றிவிட்டால் பிறகு எத்தனையோ நல்ல காரியங்களைப் பற்றியும் ‘அது நமக்கு இல்லை’ என்றே எண்ணத் தொடங்கிவிடும். ஆகவே, காசு அதிகம் செலவாகாத ஒரு பொழுதுபோக்கை, புதிதாகத் தொடங்குகிறவர் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை இன்று சிந்திப்போம். பிள்ளைகளுக்காகச் சொன்னாலும், பெற்றோர்களுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒரு பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுக்குமுன் நான்கு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். முதலாவது, வீட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கொண்டு இன்றைக்கே தொடங்க முடியுமா? இரண்டாவது, முதல் வாரத்திலேயே ஏதேனும் ஒரு சிறு பலன் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் புதியவர்களின் ஆர்வம் தணிந்துவிடும். மூன்றாவது, பத்து ஆண்டுகள் ஆனாலும் தீராத அளவுக்கு அதில் கற்க வேண்டியது இருக்கிறதா? நான்காவது, அதனால் பிற உயிர்களுக்கோ அக்கம்பக்கத்தாருக்கோ தீங்கு நேராமல் இருக்குமா?

இந்த நான்கு கேள்விகளையும் வைத்துக்கொண்டு, நமக்குப் பழக்கமான சிலவற்றை எடைபோட்டுப் பார்ப்போம்.

அஞ்சல்தலை சேகரிப்பு அருமையான பொழுதுபோக்கு. 1867ஆம் ஆண்டில் பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களுக்கென முதல் அஞ்சல்தலைகள் வெளிவந்தபோது, அவை புதிதாக வரையப்பட்டவையாக இருக்கவில்லை. இந்திய அஞ்சல்தலைகளின்மேல் ஒரு கிரீடத்தையும் புதிய விலையையும் அச்சிட்டே வெளியிட்டார்கள். ஒரு சிறு தாளில் எவ்வளவு வரலாறு பாருங்கள்! ஆனால் தமிழகத்திலிருந்து தோட்டத்து வீடுகளுக்கு வாரந்தோறும் கடிதம் வந்த காலம் போய்விட்டது. இன்று வீட்டுக்கு வரும் உறைகளில் பெரும்பாலானவற்றில் அஞ்சல்தலையே இருப்பதில்லை. இனிச் சேர்க்க வேண்டுமானால் விலைகொடுத்துத்தான் வாங்க வேண்டும். முதற் கேள்வியிலேயே அது நின்றுவிடுகிறது.

வீட்டுத் தோட்டம் போடுவது இன்னொன்று. பழைய டின்னில் மண் நிரப்பி மிளகாய் விதை போட்டால் போதும். நல்ல பழக்கம்தான். ஆயினும் தோட்டத்து லயங்களை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் இன்று ஏராளம். அங்கே வெயில் படும் இடம் கிடைப்பதே அரிது.

மூன்றாவதாக, கூண்டில் பறவை வளர்ப்பது. நம்முடைய வட மாநிலங்களில் இது நெடுநாளைய வழக்கம். மெர்போக் எனப்படும் சிறு புறாவையும், கொண்டைக் குருவியையும் கூண்டில் வைத்து, அவற்றின் குரலுக்குப் போட்டி நடத்துவார்கள். தொடக்கத்தில் செலவு குறைவாகத் தெரியும். பிறகு கூண்டு, தீனி, உயர்ந்த குரலுள்ள பறவை என்று செலவு ஏறிக்கொண்டே போகும். அது மட்டுமன்று. பராவ்-பராவ் என்று மலாய் மொழியில் அழைக்கப்படும் பறவை ஒன்று உண்டு. ஆற்றோரங்களில் வாழும் வைக்கோல் நிறத் தலையுடைய சின்னான் அது. இனிமையாகப் பாடும். அந்தக் குரலுக்காகவே அதனைப் பிடித்துப் பிடித்து விற்றார்கள். ஒரு காலத்தில் பரவலாக இருந்த அப்பறவை பல இடங்களில் அடியோடு இல்லாமற் போயிற்று. 2018ஆம் ஆண்டில் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே இது நான்காம் கேள்வியில் தோற்றுவிடுகிறது.

அப்படியானால் நான்கு கேள்விகளுக்கும் ஈடுகொடுப்பது எது? கூண்டைத் திறந்துவிட்டால் எஞ்சுவது எதுவோ அதுதான்: பறவைகளை அவை வாழும் இடத்திலேயே பார்த்தல். பார்த்து, பெயர் அறிந்து, எழுதி வைத்தல்.

‘காக்கையையும் மைனாவையும் பார்ப்பதில் என்ன இருக்கிறது?’ என்று சிலர் கேட்கலாம். என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

நாங்கள் பணியாற்றும் தோட்டப் பள்ளி பினாங்கின் பெருநிலப் பகுதியில் புக்கிட் தெங்கா வட்டாரத்தில் இருக்கிறது. புக்கிட் தெங்கா என்றால் நடுக்குன்று. ஒரு பக்கம் ஜூரு ஆறு கடலை நோக்கிப் போகிறது. மறுபக்கம் புக்கிட் மெர்தாஜாம் மலை தெரிகிறது. இடையில் ரயில் பாதை, நெடுஞ்சாலை, தொழிற்சாலைகள், அவற்றுக்கு நடுவே எஞ்சியிருக்கும் செம்பனை மரங்கள். அடர்ந்த காடு என்று சொல்வதற்கு இல்லை. அப்படிப்பட்ட இடத்திலேயே, பள்ளி வாசலில் நின்றபடி, ஒரு மாணவன் சில வாரங்களில் பத்துப் பதினைந்து வகைப் பறவைகளை எளிதாக இனங்காணலாம்.

கூரையில் கூடு கட்டும் சிட்டுக்குருவியை எடுத்துக்கொள்வோம். தமிழகத்துச் சிட்டுக்குருவியும் இதுவும் ஒன்று என்றே பலரும் நினைக்கிறோம். உற்றுப் பாருங்கள். நம் ஊர்களில் நாம் பெரும்பாலும் காணும் குருவிக்கு உச்சந்தலை பழுப்பு நிறம். வெள்ளைக் கன்னத்தில் மை வைத்தாற்போல் ஒரு கரும்புள்ளி இருக்கும். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருக்கும். தமிழகத்துச் சிட்டுக்குருவியில் ஆணின் உச்சந்தலை சாம்பல் நிறம், கன்னத்தில் புள்ளி கிடையாது. பெண் குருவி வேறு தோற்றம் உடையது. இரண்டும் உறவுடையவை, ஆனால் வெவ்வேறு இனங்கள். நாள்தோறும் கண்முன் துள்ளும் குருவியிலேயே இவ்வளவு வேறுபாடு இருக்கிறது.

மைனாவிலும் அப்படித்தான். கண்ணைச் சுற்றி மஞ்சள் தோலும் பழுப்பு உடலும் கொண்டது ஒன்று. உடல் கருஞ்சாம்பல் நிறமாய், கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இல்லாமல், அலகு மட்டும் மஞ்சளாக இருப்பது ஜாவா மைனா. இந்த இரண்டையும் பிரித்தறிந்துவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! முதல் வாரத்திலேயே கிடைக்கும் பலன் என்று நாம் சொன்னது இதுதான்.

காகத்தின் கதை இன்னும் சுவையானது. நம் ஊர்களில் திரியும் வீட்டுக் காகம் இந்த மண்ணின் பறவையன்று. காப்பித் தோட்டங்களில் புழுக்கள் பெருகியபோது அவற்றைத் தின்பதற்காக 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. காப்பித் தோட்டங்கள் போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. காகம் மட்டும் நிலைத்துவிட்டது. தோட்ட வேலைக்கென்று கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கதையைக் கேட்கும்போது சிரிப்பார்கள், பிறகு சற்று யோசிப்பார்கள்.

மீன்கொத்தியைப் பற்றி மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘இங்கே குளமே இல்லையே, மின்கம்பியில் உட்கார்ந்து அது எதைக் கொத்தப் போகிறது?’ நல்ல கேள்வி. வெண்மார்பு மீன்கொத்தி நீர்நிலையை நம்பி மட்டும் வாழ்வதில்லை. வெட்டுக்கிளி, ஓணான், பல்லி எல்லாம் அதற்கு உணவு. பெயரைக் கேட்டு முடிவு கட்டாமல் கண்ணால் பார்த்து முடிவு கட்ட வேண்டும் என்ற பாடத்தை அறிவியல் நூலைவிட அந்தப் பறவை நன்றாகக் கற்பிக்கிறது.

இனி ஆந்தைக்கு வருவோம். இரவில் கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று நம்மவரிடையே ஒரு பயம் இருக்கிறது. ஆனால் செம்பனைத் தோட்டங்களில் பலகையால் பெட்டி செய்து, கம்பத்தின்மேல் பொருத்தி, வெண்கூகையை வரவேற்று வாழவைக்கிறார்கள். காரணம் எலி. செம்பனைப் பழத்தைக் கடித்து நாசமாக்கும் எலிகளை ஒரு கூகைக் குடும்பம் ஆண்டொன்றில் நூற்றுக்கணக்கில் தின்று தீர்க்கிறது. இதை அறிந்த பிள்ளை இரவில் அலறல் கேட்டுப் போர்வைக்குள் ஒளியாது. ‘இன்றைக்கு வேட்டை தொடங்கிவிட்டது’ என்று சொல்லும். ஒரு பயம் ஒழிந்தது என்றால் அது சிறிய இலாபமா?

சரி, எப்படித் தொடங்குவது? வேண்டியவை மூன்று. கண், காது, ஒரு நோட்டுப் புத்தகம். பழைய பயிற்சிப் புத்தகத்தின் எஞ்சிய பக்கங்களே போதும். தொலைநோக்கி வாங்க வேண்டிய அவசியம் தொடக்கத்தில் இல்லவே இல்லை.

வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். விடுமுறை நாளில் பொழுது விடிந்ததும், அல்லது மாலையில் ஆறரை மணி அளவில், பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும். உச்சி வெயிலில் அவையும் ஓய்வெடுக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காருங்கள். பறவைகள் உங்களுக்குப் பழகிவிடும்.

தெரியாத பறவையைக் கண்டால் உடனே பெயர் தேடி ஓடாதீர்கள். ஐந்து செய்திகளை எழுதுங்கள். முதலில் அளவு: சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காகத்தின் அளவா? அடுத்து அலகு: தடித்ததா, மெலிந்ததா, வளைந்ததா? மூன்றாவது நிறம்: தலை, மார்பு, வால் எனத் தனித்தனியே. நான்காவது, என்ன செய்துகொண்டிருந்தது? தரையில் நடந்ததா, பூவில் தேன் குடித்ததா, கம்பியில் காத்திருந்ததா? ஐந்தாவது குரல்: உங்கள் காதுக்குக் கேட்டபடி தமிழில் எழுதுங்கள். இவற்றோடு தேதியும் நேரமும் இடமும் தவறாமல் இருக்க வேண்டும். படம் வரையத் தெரிந்தால் வரையுங்கள். கோணலாக இருந்தாலும் குற்றமில்லை.

முதல் பத்துப் பறவைகளாகக் காகம், மைனா, சிட்டுக்குருவி, புள்ளிப்புறா, குயில், மீன்கொத்தி, கொக்கு, மாங்குயில், தேன்சிட்டு, செம்போத்து ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். இவற்றின் பெயர்களை யாரிடம் கேட்பது? இங்கேதான் எங்களுக்கு எதிர்பாராத நன்மை ஒன்று கிடைத்தது. பாடநூலில் இல்லாத பெயர்கள் பாட்டிமார்களிடம் இருந்தன. செம்போத்து, கரிச்சான், தூக்கணாங்குருவி என்ற சொற்களைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார்கள். பால்மரம் வெட்டப் போன காலத்தில், விடியுமுன்னே எந்தப் பறவை முதலில் கூவும் என்ற செய்தியும் கூடவே வந்தது. பேச ஆளில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் பேரன் போய் ஒரு கேள்வி கேட்கிறான் என்றால், அதற்கு விலை போட முடியுமா? அண்டை வீட்டு மலாய்க்காரர்களிடம் கேட்டால் அவர்கள் மொழிப் பெயரும் கிடைக்கும். தூக்கணாங்குருவியை அவர்கள் தெம்புவா என்பார்கள். காரணமில்லாமல் தெம்புவா தாழ்வான கிளையில் கூடு கட்டாது என்பது அவர்களுடைய பழமொழி.

சில எச்சரிக்கைகளும் அவசியம். கூட்டைத் தொடக் கூடாது, முட்டையை எடுக்கக் கூடாது, உண்டிவில்லைக் கையில் எடுக்கவே கூடாது. பிள்ளைகள் தனியாகச் செம்பனைக் காட்டுக்குள் போக வேண்டாம். பாம்பு இருக்கும், நாய்கள் இருக்கும். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். ரயில் பாதைக்கும் ஆற்றங்கரைக்கும் அருகே போகாதீர்கள். வாசலில் இருந்தபடியே பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும்.

மூன்றாம் கேள்வி நினைவிருக்கிறதா? பத்து ஆண்டுகளுக்குத் தீராத விஷயம் இதில் உண்டா? உண்டு. செப்டம்பர் மாதம் வந்தால் வடக்கே குளிர் தொடங்கும் நாடுகளிலிருந்து தகைவிலான் குருவிகள் வந்து நம் நகரங்களின் மின்கம்பிகளில் வரிசையாக அமரும். பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோல மூடா வரையுள்ள சேற்றுக் கடற்கரையில், சைபீரியா வரையிலிருந்தும் புறப்பட்டு வரும் கரைப்பறவைகள் இறங்கி இரை தேடும். பல நாடுகளைக் கடக்கும் ஒரு நெடும் பயணத்தில் நம் செபராங் பிறை அவற்றுக்கு ஒரு தங்குமிடம். எந்த நாளில் முதல் தகைவிலான் வந்தது என்று ஆண்டுதோறும் எழுதி வைத்தாலே ஒரு வாழ்நாள் வேலை இருக்கிறது.

இப்படி எழுதி வைத்தவர்கள் பெரிய மனிதர்களாக உயர்ந்ததும் உண்டு. மும்பையில் 1896இல் பிறந்த சாலிம் அலி, சிறுவனாக இருந்தபோது ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. இது என்ன குருவி என்ற கேள்வி அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அழைத்துச் சென்றது. அங்கே அவருக்கு விடை மட்டுமன்றி வாழ்க்கைப் பாதையும் கிடைத்தது. 1941இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் பல தலைமுறைகளுக்கு வழிகாட்டியது. 1976இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கியது.

நம் தமிழரிடையே மா. கிருஷ்ணனைச் சொல்லலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும் வரை இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். புலியையும் யானையையும் எழுதிய அதே கை, வீட்டுக் காகத்தையும் அணிலையும் அதே அக்கறையோடு எழுதியது. எளியதைப் பார்ப்பது இழிவன்று என்பதற்கு அவரே சான்று.

படித்தவர்கள்தாம் இதைச் செய்ய வேண்டும் என்பதுமில்லை. செங்கற்பட்டுப் பகுதியில் உள்ள வேடந்தாங்கல் கிராமத்து உழவர்கள், 1700களின் இறுதியிலேயே தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஆங்கில அதிகாரிகளிடம் வாதாடினார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு நல்ல உரம் என்பதை அவர்கள் பார்த்துப் பார்த்தே அறிந்திருந்தார்கள்.

இன்று தமிழகத்தில் 2015ஆம் ஆண்டிலிருந்து பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். மாணவரும் ஆசிரியரும் பொதுமக்களும் தங்கள் இருப்பிடத்திலேயே பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, ஈபேர்ட் என்னும் இணையத் தளத்தில் பதிவு செய்கிறார்கள். 2002இல் தொடங்கிய அந்தத் தளத்தில் நாமும் கட்டணமின்றிச் சேரலாம். வீட்டில் உள்ள கைப்பேசி ஒன்றே போதும். ஆனால் முதலில் கண் பழகட்டும், பிறகு கைப்பேசி வரட்டும்.

‘படிப்பு கெட்டுவிடுமே’ என்று பெற்றோர்கள் அஞ்ச வேண்டாம். வாரத்துக்கு அரை மணி நேரத்தில் எந்தப் படிப்பும் கெடாது. தான் கண்டதைத் தேதியிட்டு, தன் சொல்லில் எழுதப் பழகிய பிள்ளைக்கு மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்யும் தேவையும் இருக்காது.

நேயர்களே, நம் தோட்டங்கள் வேகமாக மாறி வருகின்றன. துண்டாடப்பட்டவை போக எஞ்சியவையும் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. இன்று மாங்குயில் வந்து உட்காரும் மரம் அடுத்த ஆண்டு இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மரம் எங்கே இருந்தது, அதில் எந்தெந்தப் பறவைகள் எந்தெந்த மாதத்தில் வந்தன என்பதைப் பிற்காலத்தில் ஒருவர் அறிய விரும்பினால், அதற்கு ஒரு பதிவு வேண்டும். நிலத்தின் அளவும் விலையும் அரசாங்க ஏடுகளில் இருக்கும். பறவைகளின் வரவு நம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், பசியாறுவதற்கு முன் அரை மணி நேரம் வாசலில் உட்காருங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். முதலில் கண்ணில் படும் பறவையின் பெயரையும் நேரத்தையும் அதன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.